விடுமுறையில் யாரை விட்டுச் செல்கிறோம்?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, டாக்டர். எல்லோருமாகக் கடற்கரைப் பக்கம் நான்கு நாள் போய் வரலாம் என்றிருக்கிறோம். அப்பாவை என்ன செய்வது?" கேட்பவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். யாரைப் பற்றிய கேள்வியோ அவர் அருகிலேயே அமர்ந்திருப்பார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே, "நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று அவரே விடை கூறிவிடுவார். அறையில் இருக்கும் அனைவருக்கும் ஒரு நிம்மதி உண்டாகும். உண்மையைச் சொன்னால், அந்த நிம்மதியில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. "வேண்டாம்" என்பது எங்களுக்கு மிக எளிய சொல். வெயிலிலோ வழியிலோ ஏதேனும் நேர்ந்தால் பழி எங்கள்மேல் வராது.

அந்த எளிய சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடாது என்பதே எங்கள் கருத்து. இக்கருத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தது பாடநூல்களின் வழியாக அன்று. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றின் வழியாக.

எங்கள் தந்தையார் பேருந்து நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் எத்தனையோ குடும்பங்களைக் கொண்டு சேர்த்தவர். தம் குடும்பத்தோடு அந்தக் கடலில் கால் நனைக்க அவருக்குப் பணிக்காலத்தில் வாய்க்கவில்லை. ஓய்வு பெற்றபின் வாய்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் நீரிழிவு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. காலையும் இரவும் இன்சுலின். ஒவ்வொரு கோடையிலும் "அப்பாவுக்கு அலைச்சல் ஆகாது" என்று சொல்லி அவரை வீட்டில் விட்டுச் சென்றோம். அவருக்குத் துணையாக அம்மாவும் வீட்டில் தங்கினார். ஒருவரை விட்டுச் செல்வதாக எண்ணி இருவரை விட்டுச் சென்றோம் என்பது நெடுநாள் வரை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கோடையில் பேத்தி பிடிவாதம் பிடித்தாள்: தாத்தா வராவிட்டால் தானும் வரமாட்டாளாம். அப்படித்தான் அனைவரும் ஒரே காரில் புறப்பட்டோம்.

முதல் நாள் திருச்செந்தூர்க் கடலில் பேத்தியின் கணுக்காலை, கரையோர மக்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன் தீண்டிவிட்டது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு மணலை அள்ளித் தேய்க்க வந்தார். தேய்த்தால் எரிச்சல் கூடும். தடுத்து, கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருந்த இழைகளை நீக்கி, விடுதிக்கு வந்து தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைக்கச் செய்தோம். இரவுக்குள் வலி அடங்கியது. அவளுக்கு அருகில் இருந்து கதை சொல்லி அழுகையை நிறுத்தியவர் தாத்தா.

இரண்டாம் நாள் வழியில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்றோம். வெளியுணவுக்கு அனுமதி இல்லை என்று வாயிலில் தந்தையாரின் பிஸ்கட்டையும் அவித்த சுண்டலையும் நிறுத்திவைத்தார்கள். மருந்துச்சீட்டைக் காட்டினால் விடுவதாகச் சொன்னார்கள். சீட்டு கைப்பேசியில் இருந்தது. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. மேற்பார்வையாளர் வந்து விளங்கிக்கொண்டு அனுமதித்தார். உள்ளே சென்றபின் செயற்கை அலைக்குளத்தின் வரிசையில் நேரம் போனதே தெரியவில்லை. மதிய உணவு தள்ளிப்போயிற்று. பிற்பகலில், ஒருபோதும் பேரனிடம் கடிந்து பேசாதவர் சிடுசிடுத்தார், நெற்றியெல்லாம் வியர்வை. வெயிலின் களைப்பு என்று எண்ணினோம். அம்மாதான், "சர்க்கரையைப் பாருங்கள்" என்றார். 58 காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, அளவு ஏறியபின் உணவு கொடுத்தோம். மருத்துவர் கவனிக்கத் தவறியதை அம்மா கவனித்தார். உடனிருந்து பராமரிப்பவரின் கண் எங்கள் கருவிகளைவிட விரைவானது. இதைப் படிக்கும் பராமரிப்பாளர்கள் தங்கள் கண்ணை நம்ப வேண்டும்.

மூன்றாம் நாள் கன்னியாகுமரி. கோயில் அருகில்தானே என்று செருப்புகளைக் காரிலேயே விட்டுச் சென்றோம். தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது உச்சி வேளை. கடற்கரை வரை போய்விட்டே திரும்பலாம் என்றான் பேரன். கருங்கல்லும் தார்ச்சாலையும் கொதித்தன. பிள்ளைகளும் நாங்களும் துள்ளிக் குதித்து, நிழலுக்கு நிழல் ஓடிச் சிரித்தோம். தந்தையார் ஒருவர் மட்டும் கடலைப் பார்த்தவாறு நிதானமாக நடந்து வந்தார். "இந்த வயதிலும் தாத்தாவுக்கு எவ்வளவு பொறுமை பாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னோம்.

அது பொறுமை அன்று. அவருக்குச் சுடவில்லை.

அன்றிரவு தாத்தாவின் காலைப் பிடித்துவிட்ட பேத்தி, "இங்கே தண்ணீர் கோத்திருக்கிறது" என்றாள். இரு பாதங்களிலும் கொப்புளங்கள். நீரிழிவால் பாத நரம்புகள் உணர்வை இழந்திருந்தன. அதைக் கண்டறிய மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு; சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீரிழிவு உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதங்களைச் சோதிக்க வேண்டும் என்று நாள்தோறும் சொல்பவர்கள் நாங்கள். எங்கள் தந்தையாருக்கு அதைச் செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று அன்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கொப்புளங்களை உடைக்காமல் சுத்தம் செய்து கட்டுப் போட்டோம். கால் ஊன்றாமல் ஓய்வெடுத்து மூன்று வாரத்தில் ஆறியது. நல்வாய்ப்பாகச் சீழ் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இக்கட்டுரை வேறாக இருந்திருக்கும். ஊர் திரும்பியதும் உறவினர்கள் கூறியது ஒன்றே: "அதற்குத்தான் வீட்டிலேயே விட்டுப் போகச் சொன்னோம்."

இதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை. தந்தையாரின் பாதத்தைச் சுட்டது பயணம் அன்று. காரில் கிடந்த செருப்பு. சர்க்கரை தாழ்ந்ததற்குக் காரணம் பூங்கா அன்று, தள்ளிப்போன சாப்பாடு. வீட்டின் குளிர்ந்த தரையில் நடந்தவரை அவர் பாதம் மரத்திருப்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. வீட்டில் இருத்திவிட்டால் நோய் அடங்கியிருக்கும் என்பது நம் எண்ணமே தவிர, நோய் அப்படி இருப்பதில்லை. சில வேளைகளில் வீடு அதை மறைத்துவைக்கிறது.

எல்லோரும் எப்போதும் பயணம் செய்யலாம் என்பது எங்கள் வாதம் அன்று. அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டிலேயே இருப்பதை மெய்யாகவே விரும்புவோரும் உண்டு. ஆனால் அதை அவரிடமே கேட்க வேண்டும். அவரைப் பற்றி மற்றவரிடம் கேட்கக்கூடாது. "நான் இருந்துகொள்கிறேன்" என்பது விருப்பமா, பிறருக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்ற தயக்கமா என்பதைக் குடும்பம்தான் அறிய முடியும்.

செல்வதென்று முடிவானால், "போகலாமா?" என்று எங்களிடம் கேட்காதீர்கள், "எப்படிப் போவது?" என்று கேளுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் செல்லும் ஊரில் உள்ள மையத்தில் முன்கூட்டியே இடம் கேட்டு வைக்கலாம். அதற்குச் சிகிச்சைக் குறிப்பும், மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்குமான அண்மைய பரிசோதனை முடிவுகளும் வேண்டும். இதய, சிறுநீரக நோய்களுக்காகத் தண்ணீரின் அளவைக் குறைத்திருப்பவர்கள், நீர்போக்கும் மாத்திரை உண்பவர்கள் வெயில் நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தாமாக முடிவு செய்யாமல் கேட்டறிய வேண்டும். மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துச்சீட்டைத் தாளிலும் வைத்திருங்கள். பூட்டிய காருக்குள் கோடை வெயிலில் 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். இன்சுலினை அங்கே ஒருபோதும் விடக்கூடாது, பனிக்கட்டியின் மேல் நேரடியாகவும் வைக்கக்கூடாது. காலையிலும் மாலை நான்கு மணிக்கு மேலும் வெளியே செல்லுங்கள், நடுப்பகல் ஓய்வுக்கானது. சாப்பாட்டு நேரத்தை எந்த வரிசைக்காகவும் மாற்றாதீர்கள். கடலோ கோயிலோ, செருப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரவில் பாதங்களைப் பாருங்கள்.

பொது இடங்களுக்கும் ஒரு கடமை உண்டு. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமுற்று, பின்னர் சீரமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வருபவரைக் கடலிடமிருந்து பிரித்து வைத்திருந்தது நோய் மட்டும் அன்று. இடையில் கிடந்த மணலும்தான். வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்து கேட்டால்தான் இத்தகைய பாதைகள் பிற ஊர்களுக்கும் வரும்.

மறு ஆண்டு கோடையில் நாங்கள் பயணத்தைப் பற்றிப் பேச்செடுக்கத் தயங்கினோம். தந்தையார் தயங்கவில்லை. புறப்படுவதற்கு முதல் நாளே வாசலருகே ஒரு மஞ்சள் பை தயாராக இருந்தது. அதில் இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன: ஒன்று அவருக்கு, மற்றொன்று அம்மாவுக்கு.