மழை விடுமுறை: கேரளத் தோட்டப் பகுதித் தமிழ்ப் பெற்றோருக்குத் தகவல் எட்டுகிறதா?

பாலக்காடு / இடுக்கி: தென்மேற்குப் பருவமழை தீவிரமடையும் நாள்களில் பாலக்காடு, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பது ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் முந்தைய நாள் மாலையிலோ இரவிலோ வெளியாகும் அந்த அறிவிப்பு, ஆட்சியரின் முகநூல் பக்கம் வழியாக விரைவில் மாவட்டம் முழுவதும் பரவுகிறது. ஆனால், அது பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க மின்சாரமும் கைபேசித் தொடர்பும் வேண்டும். தேயிலை, ஏலத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குக் கனமழை இரவில் இவை எதுவும் உறுதியில்லை.

இடைவெளி எங்கே?

மூணாறு, பீர்மேடு மலைப்பகுதிகளிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இப்பகுதிகளில் அரசுப் பள்ளிகளுடன் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளிகளும் உள்ளன. மூணாறு விஜயபுரம் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. பாலக்காடு மாவட்டத்துக்கென 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது.

பங்கு ஆலயங்களுக்கெனத் தகவல் வழிகள் ஏற்கெனவே உண்டு. திருப்பலியின் முடிவில் அறிவிப்புகள் வாசிக்கப்படுகின்றன. அன்பியக் குழுக்கள் வீடு வீடாகத் தொடர்பில் உள்ளன. எனினும், இப்பள்ளிகளில் பயில்வோர் கத்தோலிக்கக் குழந்தைகள் மட்டும் அல்லர். ஆலயத்தில் வாசிக்கப்படும் அறிவிப்பு, ஆலயத்துக்கு வராத பெற்றோரைச் சென்றடையாது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் ஊதியத்தை மாநில அரசே வழங்குவதால், எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் தகவல் தரும் பொறுப்பு அவற்றுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

எல்லைப் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திகளில் முதன்மையாக இடம்பெறுவது தேனி, நீலகிரி, கோவை மாவட்டங்களின் விடுமுறை விவரமே. இடுக்கியிலோ பாலக்காட்டிலோ அதைப் பார்க்கும் குடும்பத்துக்குத் தங்கள் குழந்தையின் பள்ளி திறந்திருக்குமா என்பது அதிலிருந்து தெரியாது.

விடுமுறையோடு முடிவதில்லை

கொழுந்து பறிக்கும் தாய் காலையிலேயே வேலைக்குக் கிளம்ப வேண்டும். பள்ளி இல்லை என்பது தாமதமாகத் தெரிந்தால், குழந்தையை லயத்தில் தனியே விடுவதா, ஒரு நாள் கூலியை இழப்பதா என்ற கேள்வி எழுகிறது. பள்ளி மூடப்படும் நாளில் மதிய உணவும் கிடைப்பதில்லை. ஓணத்துக்கு முந்தைய முதல் பருவத் தேர்வு மழைக்காலத்திலேயே வருவதால், தேர்வு தள்ளிப்போனதா என்பதும் தெரிந்தாக வேண்டும். பள்ளிக் கட்டடம் நிவாரண முகாமாக மாறினால், வகுப்புகள் எங்கே, எப்போது தொடங்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ‘நாளை விடுமுறை’ என்ற ஒரு வரி இவற்றில் எதற்கும் விடை தருவதில்லை.

பெட்டிமுடி உணர்த்தியது

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடி தோட்டக் குடியிருப்பின் மீது மலைச்சரிவு விழுந்தது. இதில் 70 பேர் பலியாயினர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும்; பள்ளிக் குழந்தைகளும் அவர்களில் அடங்குவர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்ததால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. பெரியவரை தற்காலிகப் பாலம் சேதமடைந்திருந்ததால் மீட்புப் பணியும் தாமதமானது.

இதற்கு முன், 2018 ஆகஸ்ட் பெருமழையில் பாலக்காட்டின் நெல்லியாம்பதி மலைப்பகுதியும் சாலைத் தொடர்பை இழந்து தனித்துவிடப்பட்டது. பேரிடரின் அளவு வேறாக இருந்தாலும், பாடம் ஒன்றே: கைபேசியை மட்டுமே நம்பிய தகவல் ஏற்பாடு, மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் முதலில் செயலிழக்கிறது.

கொரோனா காலமும் இதையே காட்டியது. 2020 ஜூன் 1-ல் ‘ஃபர்ஸ்ட் பெல்’ இணையவழி வகுப்புகளைக் கேரள அரசு தொடங்கியது. தமிழ்வழி மாணவர்களுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. ஆயினும், ராஜமலைப் பகுதி மாணவர்கள் கைபேசித் தொடர்பு தேடி இரவிகுளம் தேசியப் பூங்கா வரை சென்று வந்தது செய்தியானது. பாடம் தமிழில் இருந்தும் அதை எட்டும் வழி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மக்களுக்கு முன்னெச்சரிக்கையும் உரிய தகவலும் சென்றடையச் செய்யும் பொறுப்பை ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. சிறுபான்மைப் பகுதிகளில் தமிழ், கன்னட மக்கள் அரசு அலுவலகங்களுடன் தங்கள் மொழியில் தொடர்புகொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதி செய்துதர வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு. தமிழில் பாடம் நடத்தும் பள்ளி, அவசர அறிவிப்பை மட்டும் பெற்றோர் படிக்க இயலாத மொழியில் அனுப்புவது இந்த ஏற்பாடுகளின் நோக்கத்துக்குப் பொருந்தாது.

கல்வி உரிமைச் சட்டம், நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை வலியுறுத்துகிறது. ஆனால், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014 மே மாதம் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, கத்தோலிக்கப் பள்ளிகளில் நிர்வாகத்துக்கும் வீடுகளுக்கும் இடையிலான பாலமாகப் பெற்றோர் ஆசிரியர் கழகமே விளங்குகிறது. அது எந்த அளவுக்கு இயங்குகிறது என்பது அந்தந்த நிர்வாகத்தின் அக்கறையைப் பொறுத்தது.

பெருஞ்செலவு தேவையில்லை

2024 ஜூலை 30 நிலச்சரிவில் வயநாட்டின் வெள்ளார்மலை, முண்டக்கை பள்ளிகள் பாதிக்கப்பட்டன. அம்மாணவர்களுக்கு மேப்பாடியில் மாற்று வகுப்பறைகள் அமைக்கப்பட்டு, செப்டம்பர் 2-ல் மீண்டும் ஒரு பள்ளித் திறப்பு விழாவே நடத்தப்பட்டது. எங்கே, எந்த நாளில் என்பது தெளிவாக அறிவிக்கப்பட்டால் சிதறிய பள்ளிச் சமூகமும் மீண்டும் ஒன்றுகூடும் என்பதற்கு அது சான்று.

எல்லைப் பகுதிப் பள்ளிகளுக்குத் தேவைப்படுவது அதைவிட எளிய ஏற்பாடு. ஆட்சியரின் அறிவிப்பு தமிழிலும் ஒரே நேரத்தில் வெளியாக வேண்டும். காரணம், மூடப்படும் நாள்கள், தேர்வு, உணவு, அடுத்த அறிவிப்பு வரும் நேரம் ஆகியவற்றைக் கொண்ட தமிழ்ப் படிவத்தைப் பள்ளிகள் மழைக்கு முன்பே தயாராக வைத்திருக்கலாம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெற்றோரைப் பொறுப்பாளராக்கி, தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்திலும் மாணவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்கள் வழியாகவும் செய்தி சேர்க்கலாம். ஆலய ஒலிபெருக்கி கூடுதல் வழியாகலாம்; ஒரே வழியாக இருக்கக் கூடாது.

இவற்றைத் திட்டமிட உகந்த காலம் ஜூன் மாதப் பள்ளித் திறப்பின்போது கூடும் முதல் பெற்றோர் கூட்டம். மழை வலுத்து, மின்சாரம் நின்ற பிறகு பொறுப்பாளரைத் தேடுவது காலங்கடந்த செயலாகிவிடும்.