கூலியும் குடியுரிமையும்

கூலி என்பது பழந்தமிழ்ச் சொல். செய்த முயற்சிக்கு ஈடாக வருவது யாதோ அதுவே கூலி. திருவள்ளுவனாரும் முயற்சியின் பயனைக் குறித்தற்கே அச்சொல்லை ஆண்டனர். பெறுதற்குரிய பொருளை உணர்த்திய அச்சொல், காலப்போக்கில், அதனைப் பெறுதற்குரிய மனிதனையே உணர்த்துவதாயிற்று. இலக்கண நூலார் இதனை ஆகுபெயர் என அமைதி கூறி அப்பாற் செல்வர். ஆயின் நம் மலைநாட்டு வரலாற்றைக் கற்பார் அவ்வாறு செல்லுதல் இயலாது. கொடுக்கவேண்டியதைக் குறையக் கொடுத்து, அதன் பெயரை மாத்திரம் குறைவின்றிச் சூட்டிய வரலாறு அது.

தொழிலாளரைக் காக்கும் சட்டங்கள் நம் நாட்டிற் குறைவல்ல. சம்பளத்திற்கு ஒரு சட்டம், மகப்பேற்றுக்கு ஒரு சட்டம், விபத்துக்கு ஒரு சட்டம், முதுமைக்கு ஒரு சட்டம் என அவை நிரல்பட நிற்கின்றன. எனினும் ஒரு சட்டம் பயன் தருதற்கு மூன்று வேண்டும். ஒன்று எழுத்து, மற்றொன்று அவ்வெழுத்தை நடத்தும் கை, மூன்றாவது, அக்கை ஓய்ந்தவிடத்து ஏன் ஓய்ந்தது என்று கேட்கும் வாய். முதலிரண்டினையும் பற்றிப் பேசுவார் பலர். மூன்றாவதனைப் பறிகொடுத்த மக்களுக்கு முதலிரண்டும் எவ்வளவு உதவின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திற் சட்டம் தோட்டத் தொழிலாளியைக் காப்பதற்கு வந்ததன்று, கட்டுதற்கு வந்தது. 1865ஆம் ஆண்டுச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வேலைக்கு வாராமையும் சொல்லாது நீங்குதலும் சிறைக்குரிய குற்றங்களாயின. அதனோடு துண்டு என்றொரு முறையும் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டே துண்டு. அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் செல்லலாம். கடன் கைமாறும்போது மனிதனும் உடன் கைமாறினான். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

1927இல் இந்தியத் தொழிலாளர்க்குரிய குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்துரைமார் மனமிரங்கியதனால் வந்ததன்று அது. தன் நாட்டினின்றும் தொழிலாளர் வெளிச்செல்வதை 1922ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கட்டுப்படுத்திய இந்திய அரசாங்கம் வற்புறுத்தியதனால் வந்தது. அதன்படி உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. மலைச்சரிவிற் கூடை சுமந்து கொழுந்து கொய்தவருள் மிகப் பலர் பெண்கள். அவர்தம் உழைப்பின் மதிப்புக் குறைவென்பதைச் சட்டமே எழுதி வைத்தது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை நல்கியது. தோட்டத் தொழிலாளருள்ளும் ஒருபகுதியினர், சில வரையறைகளோடு, அதனைப் பெற்றனர். அதன்பின் வந்த பத்தாண்டுகளை நோக்குக. 1934இல் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். வாக்கு ஒன்றே இவற்றைத் தந்தது என்னின் அது மிகையாகும். தொழிற்சங்கங்களின் போராட்டமும் காலத்தின் போக்கும் உடனிருந்தன. ஆயினும், வாக்குள்ளவனது குறையைச் சட்டசபை செவிசாய்த்துக் கேட்கும் என்பது இதனாற் போதரும்.

அதிகாரம் விடை சொல்லக் கடமைப்பட்டது என்னும் எண்ணமும் அக்காலத்தே வேரூன்றலாயிற்று. 1937இல், தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிறேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரைத் தேசாதிபதி நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை சட்டத்துக்கு மாறானதெனத் தீர்த்து அவரை விடுவித்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அதனை ஆராய விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. ஒரு கூலியாளின் இறப்புக்கு அரசாங்கம் விளக்கந் தரவேண்டிய நிலை அன்று தோன்றிற்று.

இந்நிலையிலேதான் 1948இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்த பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே, 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தையும் அவன் முன்னோரும் இம்மண்ணிற் பிறந்தமைக்குச் சான்று காட்டுக என்றது அச்சட்டம். லயத்திற் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே கிடைக்கும்? 1949இல் நிறைவேறிய தேர்தற் திருத்தச் சட்டம், பிரசையல்லாதார் பெயரைத் தேருநர் இடாப்பினின்றும் நீக்கிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவர் இடத்தில் ஒருவரும் இலர்.

இச்சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானவை எனக் கோடக்கன்பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. யாருக்குப் பிரசாவுரிமை, யாருக்கு வாக்கு என்று வகுத்தல் எந்த நாட்டுக்கும் உரிய இயல்பான அதிகாரமே. இச்சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறித்து இயற்றப்பட்டனவல்ல என்று அக்கழகம் 1953இல் தீர்ப்பளித்தது. எழுத்தை மட்டும் நோக்குவார்க்கு அத்தீர்ப்புப் பொருந்தும். எழுத்தின் விளைவை நோக்குவார்க்குப் பொருந்துவது அரிது. எச்சமூகத்தின் பெயரையுங் கூறாமலே ஒரு சமூகத்தை வாயிலடைத்துப் புறத்தே நிறுத்தச் சட்டத்தால் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். வாக்குப் போனபின்னும் தொழிற்சட்டங்கள் இருந்தனவே, 1950இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டமும், 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் தோட்டத் தொழிலாளர்க்கும் உரியனவாகவே வந்தனவே, தொழிற்சங்கங்களும் பெருகினவே, ஆதலின் வாக்கின்றியும் பாதுகாப்பு உண்டன்றோ என்பர். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சங்கத்தின் வலிமை அம்மக்களை ஓரளவு காத்தது உண்மை. ஆயின் சங்கம் வேலைநாளைப் பற்றியே வாதாடும். வேலையும் உணவும் ஒருங்கே குன்றும் பொல்லாத காலத்தில் அரசாங்கத்தை அசைப்பது வாக்கு. 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர்ப் பார்ப்போம் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டாரை யாரும் உசாவினாரில்லை. 1970களின் முற்பகுதியில் உணவு அருகியபோது, நாட்டிற் பிறபகுதிகளினும் மிகுதியாகப் பட்டினிச்சாவு கண்டவை தோட்டங்களே. அங்கே இறந்தாரின் பொருட்டு எந்தத் தொகுதியிலும் எவரும் தேர்தலில் தோற்றிலர்.

எதிர்மறையாற் கண்ட உண்மையை உடன்பாட்டாலும் காணலாம். 1977இல் மலையகத்தின் குரல் தேர்தல்வழி மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது. 1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த சம்பளம் கிடைத்தது. 54 சதத்துக்கும் 43 சதத்துக்கும் இடையே இருந்த பதினொரு சதத்தைக் கடக்க அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்னும் பெயரைப் படிப்படியாகத் துடைத்தன.

அவ்வாறாயின் குறை தீர்ந்ததோ? தீர்ந்திலது. வாக்கு மீண்டபின்னும், விடை சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவாகவில்லை. நிலம் அரசுக்கு உரியது. 1992 முதல் நிருவாகம் கம்பனிகளுக்கு உரியது. வியர்வை மட்டும் தொழிலாளிக்கு உரியது. வாக்குப் பெற்று அமைந்த பிரதேச சபைகளும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின் காரணமாகத் தோட்டத்தினுள் நிதி செலவிட இடர்ப்பட்டன. அப்பிரிவு திருந்தியது 2018இலேதான். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மக்களை அகற்றும் கை எதுவென்பதே ஐயமாயிருந்தது. பலருக்குப் பொதுவான கடமை ஒருவருக்கும் உரியதாகாது என்பதை அம்மண்மேடு உணர்த்தி நிற்கின்றது.

சம்பளத்தின் கதையும் இத்தகையதே. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா எனச் சம்பளச் சபைவழி விதிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என வர்த்தமானியில் வந்தது, மீண்டும் வழக்கு, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 1,750 ரூபாவை அறிவித்து, அதில் 200 ரூபாவை அரசாங்கமே தருமென்றது. கம்பனிகளின் வாதத்தையும் நாம் கேளாதிருத்தல் முறையன்று. தேயிலையின் விலை உலகச் சந்தையிற் பிறரால் விதிக்கப்படுவது. செலவோ இங்கே ஏறுவது. ஆயின் அந்த இடரை வருவாயிற் பங்கில்லாதவரே சுமத்தல் வேண்டும் என்பதற்கு எந்த அறநூலும் சான்றாகாது.

இதனினும் நுண்ணியதொன்று உண்டு. சட்டம் விதிப்பது நாட்சம்பளம். நாள் எது என்பதை விதிப்பது கொழுந்து நிறுக்கும் தராசு. குறித்த இறாத்தல் அல்லது கிலோ நிறையாதாயின் அன்று அரைப்பேர். காலைமுதல் மாலைவரை மழையில் நின்றவளுக்கு ஏட்டில் அரைநாள் எழுதப்படும். வர்த்தமானியிற் சம்பளத்தை உயர்த்திவிட்டு நிறையையும் உயர்த்த இடம்விடின், ஒருகை தந்ததை மறுகை வாங்கிக்கொள்ளும். சட்டத்திருத்தம் செய்வார் கொழும்பிலிருந்து நோக்குவது வர்த்தமானியை. அவர் நோக்கவேண்டுவது அத்தராசை.

அரசும் இதிற் குற்றமற்றதன்று. அது நிருவகித்த தோட்டங்களிலேயே, தொழிலாளர்க்குரிய சேமலாப நிதியும் பணிக்கொடையும் செலுத்தப்படாது நிலுவையாகக் கிடந்தமை பொதுவில் அறியப்பட்டதே. முறைசெய்ய வேண்டியவனே முறைபிறழின் முறையீடு யாரிடம் செய்வது? இனி, தோட்டம் விட்டுத் தலைநகரில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நிலை என்னை? 1958ஆம் ஆண்டுச் சேமலாப நிதிச் சட்டம் இயற்றப்பட்டபோது அவர்தம் தொழில் அதனுள் அடங்கவில்லை.

தொழிற்சட்டங்கள் பலவற்றையும் ஒரே சட்டமாகத் தொகுத்தல் வேண்டும் என்னும் பேச்சு 2023இல் ஓங்கி எழுந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பழைய கட்டளைச் சட்டங்கள் திருந்தவேண்டியவை என்பதில் ஐயமில்லை. தொகுப்பது நன்று; தொகுக்கும்போது நழுவவிடுவது தீது. ஆதலின் எந்தப் புதுச்சட்டம் வரினும் அதனை மூன்று வினாக்களால் அளந்து பார்த்தல் தகும். கொழுந்து கொய்யும் ஒரு பெண், தனக்கு விளங்கும் மொழியில், தன் வேலைக்கு ஊறின்றி, இச்சட்டத்தின்படி முறையிடல் இயலுமா? அம்முறையீட்டுக்கு விடை சொல்லவேண்டியவர் இன்னார் எனச் சட்டம் பெயர் சுட்டியுள்ளதா? அவ்விடை அவள் பணியினின்றும் ஓய்வதற்குமுன் அவளை வந்தடையுமா?

இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் சட்டமே தொழிலாளரைக் காக்கும் சட்டம். தராதது எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும் ஏட்டளவிலேயே நிற்கும். கூலி என்னும் சொல் மனிதனை விட்டு நீங்கி, அவன் உழைப்பின் முழுப்பயனைக் குறிக்கும் தன் பழம்பொருளுக்கு மீளும் நாளே, இந்நாட்டு மக்களாட்சி முதிர்ந்தது என்று நாம் சொல்லத்தக்க நாள்.