அலிபிரி: படியிறங்கிய வெள்ளம்

2021 நவம்பர் 18 அன்று திருமலையில் கொட்டிய மழை, அலிபிரிப் படிகளில் அருவியாய் இறங்கியது. மலைப்பாதைகள் மூடப்பட்டன, திருப்பதித் தெருக்கள் ஆறாயின. வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். ஆனால் மாவட்டம் முழுவதற்கும் 'மிக கனமழை' என்றால், பாதிப் படி ஏறிவிட்ட பக்தருக்கு என்ன புரியும்?

2020 அக்டோபரில் வானிலைத் துறை தொடங்கிய தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு, மண் ஏற்கெனவே குடித்த ஈரத்தையும் கணக்கிட்டு, சிறு நீர்ப்பிடிப்புகளுக்கு 6 மணி நேரம் முன்பே அபாயம் சொல்கிறது. அது படிக்கட்டுவரை வந்து சேர வேண்டுமே! தரிசன முன்பதிவில் தரும் செல்போன் எண்கள் தேவஸ்தானத்திடம் இருக்கின்றன. குறுஞ்செய்திக்கு அது போதும். செல்போன் இல்லாதவருக்கு அலிபிரியில் ஒரு சைரன்.