குசினிச் சுவரை உடைக்குமுன்...



"மருமகன் சுவர உடைச்சி ஹோலோட சேத்துப் பென்ட்ரி அடிப்பமெண்டு சொல்றாரு. நீ என்ன மகள் சொல்றாய்?" என்று சாச்சி என்னைக் கேட்டார். மருமகன் கட்டாரிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தார். வெள்ளை அலுமாரி, கறுப்புக் கல், நடுவில் ஒரு மேசை. பார்க்க அழகுதான்.

வீரமுனையை அடுத்த சம்மாந்துறையில் இருக்கிறது சாச்சியின் வீடு. குசினி எட்டடிக்கு ஏழடி. பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டால்தான் மீனில் செதில் போய்விட்டதா என்று தெரியும். ஒரே யன்னல், அதைத் திறந்தால் இரண்டடியில் தங்கையின் வீட்டுச் சுவர். மேலே தாழ்ந்த சீற் கூரை. முப்பது வருஷப் புகை அதில் தார்போலப் படிந்திருக்கிறது. சாச்சியின் இருமலுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

இந்த இருட்டு எப்படி வந்தது? நமது பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் ஒரு வளவு மூன்றாகும். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனைப் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே காணியே கிடையாது; அங்கே நெருக்கம் இன்னும் அதிகம். மூத்தவளின் குசினிக்கு வந்த வெளிச்சத்தை இளையவளின் சுவர் மறைக்கும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

மூத்தம்மா காலத்துக் குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. கிடுகுக் கூரையின் இடுக்கெல்லாம் புகை கசிந்து போய்விடும். கல் வீடு வந்ததும் குசினியை உள்ளே கொண்டுவந்தோம். புகையும் கூடவே வந்தது. போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டோம். சமையல் புகையால் வீட்டுக்குள் கெடும் காற்று 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேல்.

ஆகவே நான் சாச்சிக்குச் சொன்னது இதுதான்: குசினியை முதலில் வானத்துக்குத் திறங்கள், ஹோலுக்குத் திறப்பதைப் பிறகு பார்க்கலாம்.

கூரையில் இரண்டு சீற்றைக் கழற்றி வெளிச்சம் ஊடுருவும் சீற் போட்டால் பாதி இருட்டு அன்றைக்கே போகும். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. புகைக்கூண்டு கூரையின் முகட்டைத் தாண்டி உயர வேண்டும். தாழ்வாக வைத்தால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு, படத்திலுள்ள கறுப்புக் கல்லின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

இன்றைய பென்ட்ரிகளுக்கெல்லாம் மூத்தம்மா ஒன்று உண்டு. 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் சூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் வரைந்த குசினி அது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அமைத்தார்கள். அளவு என்ன தெரியுமா? அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். சாச்சியின் குசினியை விடச் சற்றுத்தான் பெரியது! ஆனால், வேலை செய்யும் பலகை யன்னலுக்கு நேர் கீழே. இருந்து வெட்ட ஒரு ஸ்டூல். மாவுக்கும் சீனிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். சாப்பாட்டு அறைக்கும் குசினிக்கும் நடுவே இருந்ததும் இழுத்து மூடும் கதவுதான். சின்னக் குசினி குற்றமல்ல; இருட்டுக் குசினிதான் குற்றம் என்பதை அதைப் பார்த்தால் விளங்கும்.

நமக்கும் அந்த மூடும் கதவு வேண்டும். ஹோலில் வெளி ஆண்கள் வந்திருக்கும்போது, சுவரில்லாத குசினியில் சாச்சி எப்படி நிற்பார்? முக்காட்டை இழுத்துக்கொண்டு மீன் பொரிக்க முடியுமா? அடுப்பங்கரையில் நெருப்புக்குப் பக்கத்தில் தொங்கும் துணி எவ்வளவு ஆபத்து! முழுச் சுவரையும் எடுக்காமல், மூன்றரை அடிக்கு மேலே மட்டும் வெட்டி, ஓடாவியாரிடம் மடக்குப் பலகை அடித்துப் போட்டால் வேண்டியபோது திறக்கலாம், ஆள் வந்தால் சாத்தலாம். பேரப்பிள்ளைகள் ஹோலில் ஓதுவதையும் உள்ளிருந்தே பார்க்கலாம்.

சுவர் கூரையைத் தாங்குகிறதா என்று மேசன் பாஸிடம் கேட்காமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. தாங்கினால் முதலில் பீம், பிறகுதான் வெட்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனைப் பக்கம் கட்டிய தொடர்மாடிகளில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் சுவர் மேல்வீட்டுக்காரரின் தரையையும் தாங்கலாம். பொறியியலாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்தது கேஸ். படத்தில் சிலிண்டர் அலுமாரிக்குள் ஒளிந்திருக்கிறது. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தில் தேங்கும். மூடிய அலுமாரியில் அது நிறைந்திருக்க ஒரு சுவிட்சின் பொறி போதும். 2021 கடைசி மாதங்களில் நாடெங்கும் குசினிகள் வெடித்ததை யார் மறப்பது? சிலிண்டரிலிருந்த வாயுக் கலவையின் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அப்போது நியமிக்கப்பட்ட குழு சொன்னது. சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயால் உள்ளே எடுப்பது நல்லது. முடியாவிட்டால் அலுமாரியின் அடியில், தரையோடு காற்றுத் துவாரம் விட வேண்டும்.

"விறகடுப்ப எடுத்திருவமா?" என்று சாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். 2022இல் கேஸ் இல்லாமல் சிலிண்டரோடு வரிசையில் நின்றது ஞாபகமிருக்கட்டும். அப்போது பழைய அடுப்பை இடித்தவர்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தேத்தண்ணி காய்ச்சினார்கள். மாடி வீட்டுக்காரருக்கு அதற்கும் வழியில்லை. புகைக்கூண்டின் கீழே ஒரு விறகடுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

மருமகனுக்கு இதெல்லாம் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் உறுதி சாச்சியின் பெயரில் இருக்கிறது; எத்தனை வீடுகளில் அந்த உறுதிக்காரியிடம் கேட்காமலே குசினிக்கு அளவெடுக்கிறார்கள்!

மேசன் பாஸ் அளவெடுக்க வந்த அன்று வேறொரு சங்கதி வெளிவந்தது. பக்கத்து வீட்டுச் சின்னச் சாச்சி, மகளுக்காக மேல்மாடி எழுப்பப் போகிறாராம். எழுந்தால் இந்தப் புதுச் சீற்றில் நிழல் விழும். இரண்டு பேரும் வேலியோரம் நின்று வெகுநேரம் பேசினார்கள். "ராத்தா, படிக்கட்ட இந்தப் பக்கம் வெச்சி, அறைய மற்றப் பக்கம் தள்ளிக் கட்டுறன்" என்றார் சின்னவர். எழுத்து ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். சாச்சி அன்றைக்கே சீற்றுக்கு முற்பணம் கொடுத்துவிட்டார்.