முன்னூறுக்கு ஒரு டாலர் கம்மி!

நண்பர் ஒருவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அஸிஸ்டெண்ட். 2021 பிப்ரவரியில் ப்ளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். பையன் கேட்டான். "கொஞ்சம் பொறுடா, எலெக்ட்ரானிக் சாமானெல்லாம் ரெண்டு வருஷத்துல பாதி விலைக்கு வந்துடும்" என்றார் அப்பா. டி.வி., செல்போன், மிக்ஸி எல்லாவற்றிலும் அவர் கடைப்பிடிக்கும் கொள்கை இது. 2022 நவம்பரில் அதே பெட்டி 54,990 ஆகிவிட்டது.

"என்ன சார் அநியாயம்! பழசாக ஆக விலை ஏறுறதுக்கு இது என்ன புளியா?" என்று போனில் கொதித்தார். (பி.காம். படித்தவனிடம் இப்படித்தான் கேட்பார்கள். கல்யாண வீட்டில் டாக்டரைப் பிடித்து வயிற்று வலி சொல்கிற மாதிரி.)

அவருக்குப் பதில் சொல்ல 1995-க்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார். போர்டில் பெரிதாக எழுதுவார்: அடக்க விலை கூட்டல் லாபம், சமம் விற்பனை விலை. எழுதிவிட்டு சாக்பீஸைத் தூக்கிப் போட்டு, "இதை மறந்தவன் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்பார். பாவம், நல்ல மனுஷர். அவர் வீடியோ கேம் வியாபாரத்தைப் பார்த்ததில்லை.

1995 மே 11. லாஸ் ஏஞ்சல்ஸ். இ3 என்கிற வீடியோ கேம் கண்காட்சியின் முதல் வருஷம், முதல் நாள். மேடையில் டாம் கலின்ஸ்கி, ஸெகா நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர். முன்பு மேட்டலில் பார்பி பொம்மை விற்றவர். ஸெகாவுக்கு வந்ததும் ஜெனஸிஸ் மெஷினின் விலையைக் குறைத்து, கூடவே ஸானிக் என்கிற நீலநிற முள்ளெலியைச் சும்மா கொடுத்து, அமெரிக்காவில் நின்டென்டோவுக்குத் தண்ணி காட்டியவர். ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை.

அன்று அவர் கையில் புது மெஷின், ஸாட்டர்ன். செப்டம்பர் 2-ம் தேதிதான் விற்பனை என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். கலின்ஸ்கி மேடையில், "இன்றைக்கே கடையில் கிடைக்கும். விலை 399 டாலர்" என்று குண்டு போட்டார். எல்லாக் கடையிலும் இல்லை, நாலே நாலு கடைச் சங்கிலிகளில் மட்டும். ஸோனியை முந்த வேண்டும் என்று ஜப்பான் தலைமை ஆபீஸ் போட்ட உத்தரவு. மெஷின் கிடைக்காத கடைக்காரர்கள் கடுப்பானார்கள். கே.பி. டாய்ஸ் என்கிற பெரிய பொம்மைக் கடைக்காரர்கள் ஸாட்டர்னே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியார் எழுதும் கேம்கள் செப்டம்பருக்குத்தான் தயாராகிக் கொண்டிருந்தன. ஆக, மெஷின் இருக்கிறது, போட்டு விளையாட ஆட்டம் கொஞ்சம்தான். முகூர்த்தத்தை நாலு மாதம் முன்னால் இழுத்துவிட்டு, சமையல்காரருக்குச் சொல்ல மறந்த கதை.

அதே நாள் ஸோனியின் முறை. அமெரிக்காவில் அதுவரை வீடியோ கேம் மெஷினே விற்றிராத கம்பெனி. நின்டென்டோவோடு சேர்ந்து ஸி.டி. மெஷின் செய்யப் போய், 1991-ல் நின்டென்டோ கடைசி நிமிஷத்தில் பிலிப்ஸோடு கைகோத்துவிட, அந்த அவமானத்தில் கென் குட்டராகி என்கிற எஞ்ஜினீயர் பிடிவாதமாகச் செய்தது ப்ளேஸ்டேஷன். (கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை மாறியவர்களின் ஆத்திரம் சாதாரணமானதல்ல.) பேச்சின் நடுவே ஸோனியின் அமெரிக்கத் தலைவர் ஸ்டீவ் ரேஸை மேடைக்கு அழைத்தார்கள். கையில் காகிதக் கட்டு. நீளமாகப் பேசப் போகிறார் என்று எல்லாரும் கொட்டாவிக்குத் தயாரானார்கள். மைக் முன்னால் வந்து, "டூ நைன்ட்டி நைன்" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் சார் சொற்பொழிவு. அரங்கத்தில் கைதட்டல். ஸெகாவைவிட நூறு டாலர் கம்மி. முன்னூறுக்கு ஒரு டாலர் கம்மி. நம்மூர் செருப்புக் கடைத் தந்திரத்தை இத்தனை கம்பீரமாக யாரும் செய்ததில்லை.

நூறு டாலர் ஸோனிக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் வாத்தியார் போர்டை அழிக்க வேண்டும்.

யானை விற்றவன் அங்குசத்துக்குத் தகராறு செய்வான் என்பார்கள். வீடியோ கேமில் யானையை அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். காசு பூராவும் அங்குசத்தில். இந்த அங்குச ஏற்பாட்டைக் கெட்டிப்படுத்தியது நின்டென்டோ. 1983-ல் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கேம் எழுதி விற்கலாம் என்றிருந்து, குப்பைகள் குவிந்து, மார்க்கெட்டே படுத்துவிட்டது. (ஐந்து வாரத்தில் எழுதிய 'ஈ.டி.' உள்பட விற்காத கேம்களை அட்டாரி கம்பெனி நியூ மெக்ஸிகோவில் குப்பை மேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்து, நிஜம்தான் என்று உறுதி செய்தார்கள்.) அப்புறம் அமெரிக்கா போன நின்டென்டோ மெஷினுக்குள் பூட்டு மாதிரி ஒரு சிப் வைத்தது. எங்கள் அனுமதி இல்லாத கேம் ஓடாது. அனுமதி வேண்டுமென்றால் கப்பம் கட்டு. அன்றிலிருந்து இந்தத் தொழிலில் இதுதான் சட்டம். கேம் எழுதுகிறவன் யாரானாலும், விற்கிற ஒவ்வொன்றுக்கும் மெஷின்காரனுக்கு ஒரு ராயல்டி.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மெஷினில் 50 டாலர் நஷ்டம். ஒரு கேமுக்கு 10 டாலர் ராயல்டி. வாங்கினவர் ஐந்து கேம் வாங்கினால் நஷ்டம் சரிக்கட்டும், ஆறாவதில்தான் லாபம். ஆறு கேம் வாங்கும்வரை கையில் தாங்க வேண்டும். தாங்குவதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் ஸோனியிடம் இருந்தது, டி.வி.யிலும் வாக்மேனிலும் சினிமாவிலும் பாட்டிலும் சம்பாதித்தது. ஸி.டி. டிரைவும் சொந்தம், ஸி.டி. அச்சடிப்பதும் சொந்தம். ஒரு ஸி.டி. செய்ய ஒன்றிரண்டு டாலர்தான். நின்டென்டோ கட்டிக்கொண்டு அழுத கேட்ரிட்ஜுக்கோ அதைப் போலப் பல மடங்கு செலவு.

ஸெகா என்ன செய்யும்? ஸாட்டர்னுக்குள் ஹிட்டாச்சியிடம் வாங்கிய ப்ராஸஸர் ஒன்றுக்கு இரண்டு. உள்ளே ஏகப்பட்ட சிப்புகள். அடக்கத்தைக் குறைக்க வழியில்லாத டிசைன். ஆனால் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். அக்டோபரில் 299. 1996-ல் ஸோனி 199 என்றது, ஸெகாவும் 199. 1997-ல் ஸோனி 149. மாடியிலிருந்து குதிக்கிறவனோடு போட்டி போட்டுக் குதிப்பது போலத்தான். அவனுக்குக் கீழே மெத்தை இருக்கிறது என்பது குதித்த பிறகுதான் தெரியும்.

கலின்ஸ்கி 1996-ல் ராஜினாமா. ஸாட்டர்ன் உலகம் பூராவும் சேர்த்து ஒரு கோடியைத் தொடவில்லை. ப்ளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது.

ஆனாலும் ஸெகாக்காரர்களுக்கு ரோஷம் உண்டு. 1999 செப்டம்பர் 9-ல், அதாவது 9-9-99-ல், அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் இறங்கியது. இந்தத் தடவை தப்பில்லாமல் செய்தார்கள். விலை 199. முதல் நாளே கேம்கள் ஏராளம். இன்டர்நெட்டில் விளையாட மோடம் உள்ளேயே. 24 மணி நேரத்தில் 9 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம்! இன்றைக்கும் அதன் ரசிகர்கள் ட்ரீம்காஸ்ட் என்றால் முதல் காதலியைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுவார்கள்.

ஸோனி என்ன செய்தது? "ப்ளேஸ்டேஷன் 2 வருது, பொறுங்க" என்றது. பொறுத்தார்கள். 2000-ல் அது டி.வி.டி. ப்ளேயரோடு வந்தது. டி.வி.டி. ப்ளேயரே விலை அதிகமாக விற்ற காலம். சினிமா பார்க்க வாங்கியதாக மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது எத்தனை பெரிய வசதி! அதற்குள் ட்ரீம்காஸ்டின் பூட்டையும் உடைத்துவிட்டார்கள். நகல் டிஸ்க் போட்டால் மெஷினில் கை வைக்காமலேயே ஓடியது.

நகல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் வயசுக்காரர்கள் சின்ன வயசில் விளையாடிய 'டி.வி. கேம்' எல்லாம் நின்டென்டோ மெஷினின் நகல்தான். '9999 இன் 1' என்று மஞ்சள் கேட்ரிட்ஜ். உள்ளே திரும்பத் திரும்ப அதே பத்து இருபது ஆட்டம். நின்டென்டோவுக்கு ஒரு பைசா போகவில்லை என்பது அப்போது யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தாலும் மரியோவைக் கீழே வைத்திருக்க மாட்டோம். யானையைக் காப்பியடித்தால் கம்பெனிக்கு ஓரளவு தாங்கும். அங்குசத்தையே காப்பியடித்தால், நஷ்டத்துக்கு யானை விற்றவன் எங்கே போவான்?

2001 ஜனவரி 31. ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக ஸெகா அறிவித்தது. இனிமேல் மெஷினே செய்வதில்லை, அடுத்தவர்கள் மெஷினுக்குக் கேம் எழுதிப் பிழைப்பது என்று முடிவு.

இந்த இடத்தில் ஒரு கிழவர் வருகிறார். இசாவோ ஒக்காவா. ஸி.எஸ்.கே. என்ற கம்ப்யூட்டர் கம்பெனியை 1968-ல் ஆரம்பித்தவர். 1984-ல் ஸெகாவை வாங்கிய கூட்டத்தின் தலைவர். மெஷின் வியாபாரம் வேண்டாம், கேம் மட்டும் போதும் என்று முன்னாலேயே சொல்லிப் பார்த்தவர். சொன்னதைக் கேட்காத கம்பெனிக்கு 1999-ல் சொந்தப் பணத்திலிருந்து 50 கோடி டாலர் கடன் கொடுத்தார். 2001-ல் அந்தக் கடனையும் தள்ளுபடி செய்து, தன்னிடமிருந்த ஸெகா, ஸி.எஸ்.கே. பங்குகளையும் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மொத்தம் சுமார் 8,500 கோடி யென். ஏறக்குறைய 70 கோடி டாலர். மார்ச் 16-ம் தேதி இறந்துபோனார். வயது 74.

எங்கள் சிலபஸில் மூலதனம், கடன், பங்கு, டிபெஞ்சர் எல்லாம் இருந்தது. முதலாளி தன் சொத்தைக் கம்பெனிக்கு இனாமாகக் கொடுத்தால் எந்தத் தலைப்பில் பற்று வைப்பது என்று நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். லெட்ஜரில் இடம் இருக்கிறது, அதெல்லாம் பிரச்னை இல்லை. மனசில்தான் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பணம் வராமலிருந்தால் ஸெகா என்ற பெயரே மிஞ்சியிருக்காது. அதே வருஷம் டிசம்பரில் ஸானிக், பரம எதிரி நின்டென்டோவின் கேம்க்யூப் மெஷினில் ஓடினான். கப்பம் வாங்கியவர்கள் கப்பம் கட்டப் போனார்கள்.

ஜெயித்த ஸோனியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2006 மே மாதம், அதே லாஸ் ஏஞ்சல்ஸ், அதே கண்காட்சி. ப்ளேஸ்டேஷன் 3-ன் பெரிய மாடல் விலை: 599 டாலர். இந்தத் தடவை கைதட்டல் இல்லை, கிண்டல்தான். வேடிக்கை என்னவென்றால் அதிலும் நஷ்டம்! ஐசப்ளை என்ற ஆராய்ச்சி நிறுவனம் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக விலை போட்டுப் பார்த்தது. அடக்கம் சுமார் 840 டாலர். 249 டாலர் நின்டென்டோ வீ அந்த ரவுண்டில் முன்னால் ஓடியது. குட்டராகி 2007-ல் விலகினார். ஆனால் ஸோனி பிழைத்துக்கொண்டது. மெத்தை இருந்தது.

இப்போது நண்பரின் புளி விவகாரம். முதல் ப்ளேஸ்டேஷன் அமெரிக்காவில் 1995-ல் 299, 1999-ல் 99. நாலே வருஷம்! நண்பரின் கொள்கை அன்றைக்கு நூற்றுக்கு நூறு சரி. ப்ளேஸ்டேஷன் 5 அங்கே 2020-ல் 499. 2025 ஆகஸ்டில் 549. எக்ஸ்பாக்ஸ் ஸீரிஸ் எக்ஸ் 2020-ல் 499. 2025-ல் இரண்டு தடவை ஏற்றி 649. கேம் விலையும் அப்படியே. பல வருஷமாக 60 டாலரில் நின்றது 2020 வாக்கில் 70 ஆனது, 2025-ல் நின்டென்டோவின் 'மரியோ கார்ட் வேர்ல்டு' 80.

பொருளாதார நிலைமை என்று கம்பெனிகள் சொல்கின்றன. பொய்யில்லை. சிப்புகள் முன்போல வருஷா வருஷம் மலிவாவதில்லை. அமெரிக்க இறக்குமதி வரி வேறு. இன்னொன்றும் உண்டு. 1995-ன் 299 இன்றைய மதிப்பில் 600 டாலருக்கும் மேல். அந்தக் கணக்கில் பார்த்தால் இன்றைய மெஷின் அப்படியொன்றும் கொள்ளை விலை இல்லை. (இதை நண்பரிடம் நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. போனில் சொன்னேன்.)

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். 299 என்று சொல்லிவிட்டு இறங்கிப் போக இப்போது யார் இருக்கிறார்கள்? மைக்ரோஸாஃப்ட் தன் கேம்களை ப்ளேஸ்டேஷனிலேயே விற்கிறது. 2025 ஏப்ரலில் 'ஃபோர்ஸா ஹொரைஸன் 5' கூடப் போய்விட்டது. எதிர்க் கடைக்காரன் நம் கடையிலேயே ஒரு அலமாரி வாடகைக்குக் கேட்டு வந்துவிட்டான். விலையைக் குறைத்து யாரை விரட்டுவது? அதற்காக உள்ளே எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்றும் இல்லை. 2024 ஜனவரியில் மைக்ரோஸாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. அடுத்த மாதமே ஸோனியில் 900 பேர். கேம் எழுதும் செலவு ஏறிக்கொண்டே போகிறது, வாங்குகிற பையன்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. மெஷின் நஷ்டம் போதாதென்று இப்போது அங்குசம் செய்யவே யானை விலை ஆகிறது.

இவ்வளவையும் நண்பருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, விலை குறையாதுங்கறீங்க?"

"குறையறதுக்கு இப்போதைக்கு வழி தெரியலை சார்."

"பார்ப்போம், தீபாவளிக்கு ஏதாவது ஆஃபர் போடுவான்" என்றார்.

பையன் இப்போது ப்ளஸ் டூ. கோச்சிங் க்ளாஸ் போகிறான். ப்ளேஸ்டேஷனைப் பற்றி அவன் பேச்சே எடுப்பதில்லையாம். அப்பாதான் வாரா வாரம் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.