செலவு போக மீதி

பெங்களூரிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நீயாவது அவனிடம் சொல்லேன். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். புத்தகத்தைத் தொடுவதில்லை. எந்நேரமும் தலையணையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறான். படிப்பை விட்டுவிடுவேன் என்கிறான்."

என் தங்கை மகன் டிரம் வாசிப்பவன். அதிலும் 'எக்ஸ்ட்ரீம் மெட்டல்' என்கிற, காதைக் கிழிக்கும் வகை. சென்ற மாதம் ஒரு வேலையாகப் பெங்களூர் போனபோது அவன் அறையில் போய் உட்கார்ந்தேன். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இருபது வருஷமாக மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவள் நான். அவன் போட்டுக் காட்டிய பாட்டில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாத பிரதி கைக்கு வந்தால், எழுதியவர் எங்கிருந்து வந்தார் என்று முதலில் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். "உனக்கு யாருடா குரு?" என்று கேட்டேன்.

"டேவ் லொம்பார்டோ, பெரியம்மா" என்றான். அந்தப் பெயரைச் சொன்னபோது, பாகவதர் பெயரைச் சொல்லும் சிஷ்யனின் குரல்.

தில்லி திரும்பியதும் அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் எதிர்பார்த்த ஆள் அவரல்ல.

லொம்பார்டோ 1965-இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். இரண்டு வயதில் பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவின் சவுத் கேட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். வீட்டில் கியூபா இசை. எட்டு வயதில், வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து காட்டச் சொன்ன பள்ளிக்கூடத்தில், பையன் பொங்கோவைக் கொண்டுபோய் சாண்டானாவின் இசைத்தட்டுக்கு ஈடாக வாசித்துக் காட்டினான். பத்து வயதில் அப்பா 350 டாலருக்கு ஒரு டிரம் செட் வாங்கித் தந்தார். புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது சின்னத் தொகையல்ல. 'கிஸ்' குழுவின் 'அலைவ்' இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அதிலிருந்த நீண்ட டிரம் வாசிப்பை அப்படியே கற்றுக்கொண்டான். கேள்வி ஞானம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பதினாறு வயதில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். அப்படிப் போன ஒரு வீட்டில் இருந்த கெர்ரி கிங் என்ற கிட்டார் இளைஞருடன் பேச்சுக் கொடுத்ததில் 1981-இல் 'ஸ்லேயர்' குழு பிறந்தது. பாடகர் டாம் அராயா சிலியில் பிறந்தவர். ஆக, அமெரிக்காவின் மிகக் கடுமையான இசைக்குழு என்று பெயரெடுத்த நால்வரில் இருவர் வேறு மண்ணிலிருந்து வந்த பிள்ளைகள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1984-இல் நடக்கிறது. 'ஹான்டிங் தி சேப்பல்' ஒலிப்பதிவு. அறையில் தரைவிரிப்புகூட இல்லை. வெறும் கான்கிரீட். லொம்பார்டோ வாசிக்கிற வேகத்தில் டிரம்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. உதவிக்கு வந்திருந்த ஜீன் ஹோக்லன் என்ற பையன் அவற்றை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். பாட்டு முடியும்வரை விடவில்லை. இரண்டு கால்களாலும் பாஸ் டிரம்மை மாறி மாறி மிதிக்கும் நுட்பத்தில் லொம்பார்டோவுக்குச் சில யோசனைகள் சொன்னதும் அவன்தான். அந்த ஹோக்லன் பின்னாளில் 'டெத்', 'டெஸ்டமென்ட்' குழுக்களில் வாசித்துத் தானும் ஒரு மேதை என்று பெயர் பெற்றார். ஒரு மேதை வாசிக்க, இன்னொரு மேதை டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி அது.

இரண்டு வருஷம் கழித்து, 1986 அக்டோபரில், 'ரெய்ன் இன் ப்ளட்' வெளிவந்தது. பத்துப் பாட்டு, மொத்தமே அரை மணிக்குள் முடிந்துவிடும். முதல் பாட்டில் ஓரிடத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் சட்டென நிற்க, சில விநாடிகள் இரண்டு கால்களின் ஓசை மட்டும் கேட்கிறது. இன்றும் மெட்டல் பழகும் பையன்கள் எல்லோரும் அந்த இடத்தை வாசித்துப் பார்க்கிறார்கள். லொம்பார்டோவுக்கு அப்போது வயது 21. அந்தப் பாட்டின் பொருள் நாஜி மருத்துவர் மெங்கலேயின் கொடூரங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனாலேயே ஒரு பெரிய நிறுவனம் இசைத்தட்டை விநியோகிக்க மறுத்தது. அந்த வரிகளில் எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை. தாளத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.

"எப்படிடா இந்த வேகம்?" என்று பையனைக் கேட்டிருந்தேன். "வேகமா அடிச்சா வேகம் வராது, பெரியம்மா. ரொம்ப மெதுவா ஆரம்பிக்கணும். இடது கால்தான் சோம்பேறி. அது வலது கால் மாதிரி ஆகிறவரைக்கும் கூட்டக் கூடாது" என்றான். தலையணையில் அடிப்பதும் பயிற்சிதானாம். குச்சி திரும்பத் துள்ளி எழாது. மணிக்கட்டே எல்லா வேலையும் செய்தாக வேண்டும். முதல் காலத்தில் சரியாக வராதவனை மூன்றாம் காலம் வாசிக்க நம் மிருதங்க வாத்தியார்கள் விடுவார்களா?

ஆனால் தங்கையின் கவலைக்கும் இதே வாழ்க்கையில் ஆதாரம் இருக்கிறது. உலகமே அந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசிய 1986-இலேயே, கையில் காசு நிற்கவில்லை என்று லொம்பார்டோ குழுவை விட்டுப் போனார். மறுவருஷம் மனைவி எடுத்துச் சொல்லித் திரும்பினார். 1992-இல் முதல் குழந்தை பிறக்கும் சமயம் மறுபடி விலகல். சுமார் பத்து வருஷம் கழித்து மீண்டும் சேர்ந்தார். 2012 அக்டோபரில் ஸ்லேயர் பெங்களூருக்கு வந்து வாசித்தபோது டிரம் பின்னால் இருந்தவர் அவர்தான். நான்கே மாதத்தில் குழுவிலிருந்து வெளியே. சுற்றுப்பயண வருமானத்தில் தொண்ணூறு சதவிகிதம் செலவுக் கணக்கில் போய்விடுகிறது, மீதியைத்தான் நால்வரும் பங்கிட வேண்டியிருக்கிறது என்று அவர் பகிரங்கமாக எழுதினார். குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் முப்பது வருஷப் புகழுக்குப் பிறகும் ஒரு கலைஞன் கணக்குக் கேட்க வேண்டியிருந்தது என்பது உண்மை.

இதையெல்லாம் பையனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவனுக்குப் புதிதாக இருக்கும் என்று நினைத்தேன். "தெரியும், பெரியம்மா" என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதனாலதான் பயமா இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

அனுப்பினான். ஊரில் ஒரு மதுக்கூடத்தில் மாதம் நான்கு நாள் வாசிக்க ஒப்பந்தம். நான்கு பக்க ஆங்கிலம். அடுத்த வாரம் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்களாம். மூன்றாம் பக்கத்தில், ஒலி, ஒளி, விளம்பரம் ஆகிய 'செலவுகள் போக' மீதியைக் குழுவுக்குத் தருவதாக ஒரு வரி. அந்தச் செலவு எவ்வளவு, யார் முடிவு செய்வது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. இருபது வருஷமாக அடுத்தவர் வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்த கண்ணுக்கு அந்த ஓட்டை உடனே பட்டது. சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரும்வரை கையெழுத்தும் வேண்டாம், கல்லூரியிலிருந்து பெயரை எடுப்பதும் வேண்டாம் என்றேன். "சரி" என்றான்.

தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்: "தலையணையைப் பிடுங்காதே."

2023-இல் லொம்பார்டோ தன் பெயரில் மட்டும் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். 'ரைட்ஸ் ஆப் பெர்கஷன்'. முழுக்கத் தாள வாத்தியங்கள். பழைய லத்தீன் இசை மேதை டீட்டோ புவென்டேயின் இசைத்தட்டுதான் அதற்குத் தூண்டுதல். ஐம்பத்தெட்டு வயதில், பொங்கோவைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போன அந்தப் பையனிடம் அவர் திரும்பிவிட்டார். அதை நான் முழுவதும் கேட்டேன். தலை வலிக்கவில்லை.

மதுக்கூடக்காரரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.