ஊசி தூக்கிய எடை உன்னுடையதன்று

இஷாத் தொழுகைக்குப் பின் நம் மஹல்லா இளைஞர்கள் கூடுமிடம் முன்னர் தேநீர்க்கடைத் திண்ணையாக இருந்தது. இப்போது அது உடற்பயிற்சிக்கூடமாகிவிட்டது. இதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புகைக்கும் புறம்பேச்சுக்கும் இரும்பு எவ்வளவோ மேல். என் வழக்கு இரும்போடு அன்று. அந்த இரும்பைக் காட்டி விற்கப்படும் ஊசியோடு.

"ஒரு அளவுக்கு மேல் ஊசி இல்லாமல் ஏறாது தம்பி" என்பது இன்று பல ஜிம் மாஸ்டர்களின் வாய்ப்பாடாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்கிறார்கள். அவன் பயிற்சியைத் தொடங்கி ஓராண்டுகூட ஆகியிருக்காது. எந்த அளவு, யார் அளந்தது என்று அவன் கேட்பதில்லை. கேட்க வேண்டிய பெற்றோரோ மாதக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, பிள்ளை கெட்ட வழியில் போகவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பிஸ்கட் உறையைத் திருப்பி ஜெலட்டின் கலந்திருக்கிறதா என்று தேடும் குடும்பங்கள் நம்முடையவை. அதே வீட்டில், அதே பிள்ளையின் தொடையில் இறங்கும் குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை எவரும் படிப்பதில்லை.

இந்த வாய்ப்பாடு பொய் என்பதைக் காட்ட ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்கிறேன். டெட்லிஃப்ட் என்று அதற்குப் பெயர். தரையில் அசைவற்றுக் கிடக்கும் பாரத்தை இரு கைகளாலும் பற்றி, இடுப்பும் முழங்காலும் நிமிரும்வரை தூக்கி நிற்பது. அவ்வளவுதான். தண்டு மட்டும் 20 கிலோ. பெரிய தட்டுகளை மாட்டினால் அது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் நிற்கும். மற்றப் பயிற்சிகளில் எடையைக் கீழிறக்கி, அந்த இறக்கத்தின் விசையை மேலேறப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதில் அந்த உதவி கிடையாது. முதல் அங்குலத்திலேயே மெய் தெரிந்துவிடும்: தரையை விட்டு எழுந்தது அல்லது எழவில்லை. தென்தமிழக ஊர்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கற்களின் கணக்கும் இதுவே.

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பாப் பீப்பிள்ஸ் என்றொரு விவசாயி இருந்தார். 1949இல் அவர் தரையிலிருந்து தூக்கியது 725 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 329 கிலோ. அன்று அவருடைய உடல் எடை ஏறத்தாழ 82 கிலோ மட்டுமே. தம் உடலின் நான்கு மடங்கை அந்த மனிதர் தூக்கினார். பயிற்சிச் சாதனங்களில் பலவற்றை அவரே வீட்டில் செய்துகொண்டவர். இன்று போட்டியாளர்கள் அணியும் விறைத்த ஸூட்டுகள் அன்று கிடையாது. டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்ததே 1958இல்தான். பளுதூக்குவோரிடம் இவ்வகை மருந்துகள் பரவியதும் அதன் பிறகே. எல்லாரும் பீப்பிள்ஸ் ஆக முடியாது என்பது உண்மை. ஆனால் 100 கிலோவைக்கூட ஒழுங்காகத் தூக்கத் தெரியாத பிள்ளையிடம் 'இயற்கையின் எல்லை முடிந்துவிட்டது' என்று சொல்பவர், 329 கிலோவுக்குக் கீழே எந்த இடத்தில் அந்த எல்லையை நட்டார் என்று விளக்கியாக வேண்டும்.

இங்கே ஸூட், பட்டை, வார் பற்றியும் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் இவற்றையும் ஊசியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோர் இருக்கிறார்கள். மணிக்கட்டு வார் கையைத் தண்டோடு கட்டிவிடுகிறது. விரல்கள் நழுவினாலும் எடை நழுவாது. ஸூட் என்பது உடலை இறுக்கிப் பிடிக்கும் தடித்த உடை. குனிந்த நிலையில் இழுபட்டு, நிமிரும்போது கொஞ்சம் விசையைத் திருப்பித் தருகிறது. 2016இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எட்டி ஹால் 500 கிலோவைத் தூக்கியதும், 2020இல் ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 கிலோவைத் தூக்கியதும் வாரோடும் ஸூட்டோடும்தான். அவர்களுடைய போட்டி வகையில் அதற்கு அனுமதி உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கும் அது தெரிகிறது. எனவே அதில் வஞ்சனை இல்லை. பன்னாட்டுப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு ஸூட் அணியாதோருக்கென 2013 முதல் தனி உலகப் போட்டியே நடத்துகிறது. அதில் இடுப்புப் பட்டைக்கு அனுமதி உண்டு, வாருக்கு இல்லை.

ஆகவே துணைக்கருவி என்பது ஹலால், ஹராம் விவகாரம் அன்று. அறிவு சார்ந்த விவகாரம். போட்டிக்குப் போகாத குடும்பத்துப் பிள்ளைக்கு அது எதற்கு என்பதே என் கேள்வி. நிறைந்த சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தூக்கும்போது எவரும் வார் கட்டிக்கொள்வதில்லை. படுக்கையில் விழுந்த வாப்பாவை உளூச் செய்ய எழுப்பி உட்காரவைக்கும் மகனுக்கு ஸூட் மாட்டிக்கொள்ள நேரமிருக்காது. சந்தூக்கைச் சுமக்கும் தோள்களுக்கும் அப்படியே. வாழ்க்கை கேட்கும் வலிமை வெறுங்கையின் வலிமை. பிடி தளரும் இடமே இன்றைய எல்லை என்று ஏற்று, பிடியையும் சேர்த்து வளர்ப்பவன் ஏமாறமாட்டான்.

ஊசியின் கதை வேறு. அது மறைவாக நடக்கிறது. மறைத்தால்தான் அதற்கு மதிப்பு.

இதற்கு ஆதரவாக நம் பிள்ளைகள் கற்றுவைத்திருக்கும் வாதம் ஒன்று: "இது போதைப்பொருள் அன்று, பன்றியிலிருந்து எடுப்பதும் அன்று, உடலில் சுரக்கும் ஹார்மோன்தானே, எப்படி ஹராமாகும்?" மார்க்கத்தில் ஹராமுக்கு இந்த இரண்டு வாசல்கள் மட்டுமா உள்ளன? உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தை ஸூரத்துல் பகராவில் ஓதுகிறோமே, அது யாருக்கு? தனக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உடல் நம்முடைய சொத்து அன்று. திருப்பிக் கொடுக்க வேண்டிய அமானிதம். ஹார்மோன் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நான் குறைசொல்லவில்லை, அது சிகிச்சை. குறைபாடே இல்லாதவன் கண்ணாடி முன் நிற்பதற்காகப் போட்டுக்கொள்வதைப் பற்றியே பேச்சு.

தீங்கு எது என்று கேட்பார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து சேர்ந்தவுடன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் குறைகின்றன, பலருக்கு அறவே இல்லாமல் போகின்றன. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது. அந்த முடிவுகள் 1990இல் வெளியாயின. ஜிம்மில் 'தொடக்கக் கோர்ஸ்' என்ற பெயரில் தரப்படுவது பெரும்பாலும் அதைவிட இருமடங்குக்கும் மேல். நல்ல கொழுப்பு சரிகிறது; இரத்தம் தடிக்கிறது; இதயத்தின் இடக் கீழறைச் சுவர் பருக்கிறது. மாத்திரையாக உட்கொள்வோருக்குக் கல்லீரலும் பாதிக்கப்படும். தசை வேகமாகப் பெருக்கும்போது தசைநாண் அதே வேகத்தில் உறுதிப்படுவதில்லை. டெட்லிஃப்டில் ஒரு கையை வெளிப்புறமாகத் திருப்பிப் பிடிப்போரிடம் மேற்கையின் இருதலைத் தசைநாண் அறுந்துபோவதும் நிகழ்கிறது. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத இம்மருந்தை, குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியாத ஒருவர் விற்கிறார்.

இனி, பெண்ணைப் பெற்றவர்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் சம்பளம், விசா, வீடு எல்லாம் விசாரிக்கிறீர்கள். அகன்ற தோளைப் பார்த்து மகிழ்கிறீர்கள். அந்தத் தோளுக்காக அவன் மூன்றாண்டு ஊசி போட்டிருந்தால், அதனால் பிள்ளைப்பேறு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று அறிந்தும் அதை மறைத்து நிக்காஹ் மேடையில் அமர்ந்தால், அதற்கு என்ன பெயர்? பிறகு குழந்தை இல்லையென்று மருமகளை மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துச் செல்லும் மாமியார், மகனைச் சோதனைக்கு அனுப்புவதில்லை. ஏனென்றால் அவன் "கட்டுமஸ்தானவன்". அந்தப் பெண் கேட்கும் சொற்களுக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் ஊசி விற்றவரும் இருப்பார் என்றே நான் அஞ்சுகிறேன்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மேலே உலர்ந்த தானியம், அடியில் நனைந்தது. ஊசியால் வளர்த்த உடலைக் காட்டி "இந்தப் புரோட்டீன் பவுடரால் வந்தது, இந்தப் பயிற்சி அட்டவணையால் வந்தது" என்று விற்கும் மாஸ்டரின் வியாபாரம் இதிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? அவருடைய அட்டவணையை நம்பி வாரம் ஆறு நாள் உழைக்கும் ஊசி போடாத பிள்ளை, முன்னேற்றம் காணாமல் தன்னையே வெறுக்கிறான். அடுத்து அவனும் பின்னறைக்குப் போகிறான். வஞ்சனை இப்படித்தான் ஆள் சேர்க்கிறது.

ஸூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு மத்யன் பெண்மணி தம் தந்தையிடம் கூறும் இடத்தைக் கவனியுங்கள். அவர் சுட்டிய தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். பத்துப் பேர் சேர்ந்து அகற்றும் கிணற்று மூடிக் கல்லை மூஸா (அலை) தனியொருவராகத் தூக்கினார்கள் என்ற அறிவிப்பைத் தஃப்ஸீர் நூல்கள் அவ்விடத்தில் தருகின்றன. பசித்த, களைத்த, ஊரை விட்டு வந்த மனிதர், முன்பின் அறியாத பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டுவதற்காகத் தூக்கிய கல் அது. (ருகானா மல்யுத்த நிகழ்வைப் பலர் மேடையில் சொல்வதுண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு இருப்பதால் நான் அதை ஆதாரமாகக் கொள்ளவில்லை.)

ஊசியின்றி வளரும் வழி மெதுவானது. மறைபொருள் எதுவும் அதில் இல்லை. முதலில் குனியக் கற்க வேண்டும்: முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்குவது. ருகூவில் முதுகைச் சமமாக வைக்கப் பழகியவனுக்கு இது பாதி தெரிந்த பாடம். உவமைக்காகச் சொல்கிறேன், வணக்கத்தை உடற்பயிற்சியாக்குவதற்கு அன்று. தண்டு பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருக்கட்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்து இறுக்கி, தண்டைக் காலோடு ஒட்டித் தூக்க வேண்டும். வாரம் ஒருமுறை கனமாகத் தூக்கினால் போதும். ஊசி போடுபவரின் உடல் அடுத்த நாளே தேறிவிடக்கூடும். உன் உடலுக்கு நாட்கள் வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டரை கிலோ கூட்டு. வாரத்திற்கு ஒருமுறை என்றாலும், ஆண்டுக்கு 100 கிலோவைத் தாண்டும் கணக்கு அது. அப்படி நேர்கோட்டில் ஏறாது, இடையில் நிற்கும். நிற்கும்போது எடையைக் குறைத்து மீண்டும் ஏற வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலான புரதம் போதும்; முட்டையும் பாலும் மீனும் இறைச்சியும் சுண்டலும் அதைத் தந்துவிடும். ஃபஜ்ருக்கு எழ வேண்டியவன் நள்ளிரவு வரை அலைபேசியில் மற்றவர் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் புரதமும் உதவாது.

"குடல் இறங்கிவிடும், முதுகு போய்விடும்" என்று பெரியவர்கள் அஞ்சுவதில் சிறிது நியாயம் உண்டு. ஏற்கெனவே குடலிறக்கமோ முதுகுத்தட்டு நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு, முதுகைக் கெடுப்பது எடையைவிட அவசரம்தான். பத்து வாரத்தில் ஏற வேண்டியதைப் பத்து நாளில் ஏற்றச் சொல்வதும் அதே மாஸ்டர்தான்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். மாதவிடாய் நின்ற பின் எலும்பு தேய்வது நம் வீட்டு உம்மாமார்களுக்கும் நேர்வதே. எடை தூக்குவது அதைத் தாமதப்படுத்தும். பர்தா இதற்குத் தடையன்று. பாகிஸ்தானிய அமெரிக்கரான குல்ஸூம் அப்துல்லாஹ் உடலை மறைத்தே போட்டியிடுவேன் என்று நின்றதால், 2011இல் பன்னாட்டுப் பளுதூக்கும் கூட்டமைப்பு ஆடை விதியையே மாற்றியது. தொடை தெரியும் இறுகிய உடையில் படம் எடுத்துப் பகிரும் நம் ஆண்பிள்ளைகள், ஸத்ரு தமக்கும் உண்டு என்பதை அச்சகோதரியிடம் கற்கலாம்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கு: இன்றே வாப்பாவிடம் சொல். அவர் கோபப்படுவார், பிறகு உன்னோடு மருத்துவமனைக்கு வருவார். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை ஒளிக்காமல் கூறு. ஹார்மோன் அளவு, கல்லீரல், கொழுப்பு, விந்தணு ஆகியவற்றுக்கான சோதனைகளை அவர் எழுதித் தருவார். நிறுத்தியபின் சில மாதங்கள் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம். அதைத் தாங்காமல் பலர் திரும்பவும் ஊசிக்குப் போகிறார்கள், எனவே தனியாக நிறுத்த முயலாதே. பெரும்பாலோருக்கு விந்தணு உற்பத்தி மாதங்களில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் மீள்கிறது. எல்லாருக்கும் மீளும் என்ற உத்தரவாதம் இல்லை. பெண் பார்க்கும் பேச்சு வீட்டில் தொடங்கியிருந்தால், அந்தச் சோதனை முடிவு வரும்வரை தேதி குறிக்க வேண்டாம் என்று சொல்.